கேகாலைக் காரீயமும் எரிபொருள் மாற்றங்களும்: உழைப்பாளர் கொடுத்த விலை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

இலங்கையின் பாறைகளில் நிலக்கரி அகழப்படுவதில்லை. அதனால் நிலக்கரிச் சுரங்கங்களின் வரலாறு நமக்குப் புறம்பானதென்று கருதுவாரும் உளர். ஆயின், நிலக்கரியைப் போலவே காபனாலான பிறிதொரு கனிப்பொருள் சப்பிரகமுவ மாகாணத்துக் கேகாலை மாவட்டத்தில் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக அகழப்பட்டு வருகின்றது. சிங்கள மக்கள் அதனை மினிரன் என்பர். தமிழில் காரீயம் என்றும் பென்சிற்கரி என்றும் வழங்குகின்றோம். இது அடுப்பிலிட்டு எரிக்கும் பொருளன்று. எனினும், நிலக்கரி உலகை ஆண்ட காலத்தில் உலோகம் உருக்கும் மூசைகளுக்கு இதுவே தேவைப்பட்டது. நிலக்கரியைக் கைவிட உலகம் முயலும் இக்காலத்தில் மின்கலங்களுக்கும் இதுவே தேவைப்படுகின்றது. ஓர் எரிபொருள் யுகத்தின் தொடக்கத்தையும் முடிவையும் ஒருங்கே கண்ட பொருள் இது.

ஆகவே, ஓர் எரிபொருளிலிருந்து இன்னோர் எரிபொருளுக்கு உலகம் மாறும்போது அம்மாற்றத்தின் விலையை யார் கொடுத்தனர், யார் கொடுக்கப் போகின்றனர் என்னும் வினாவைக் கேகாலையில் நின்று நோக்குவது பொருத்தமாகும். அதனையே இக்கட்டுரையில் ஆராய முற்படுகின்றோம். சுரங்கத் தொழிலாளர், தோட்டத் தொழிலாளர் என்னும் இரு சாராரும் ஒரே மாவட்டத்தில் வாழ்ந்தும் வரலாற்று நூல்களில் ஒருங்கே வைத்துப் பேசப்படுவது அரிது. இவ்விரு சாராரையும் ஒரே கணக்கிற் சேர்த்துப் பார்ப்பதே நமது நோக்கமாகும்.

காரீய வணிகத்தின் எழுச்சி

இலங்கைக் காரீயம் பற்றிய பழைய குறிப்பு ஒல்லாந்தர் காலத்தது. ஒல்லாந்தத் தேசாதிபதி றைக்லொஃப் வான் கூன்ஸ் 1675 இல் இத்தீவின் குன்றுகளிற் காணப்பட்ட காரீய நரம்புகளைப் பற்றிக் குறித்துள்ளார். வணிகப் பொருளாக இது முக்கியத்துவம் பெற்றது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஆகும். கேகாலை மாவட்டத்துப் போகலச் சுரங்கம் அந்நூற்றாண்டின் நடுப்பகுதியில் தொடங்கப்பெற்றது. பிற நாடுகளிற் காரீயம் பெரும்பாலும் பாறையிற் சிதறிய செதில்களாகக் கிடைக்க, இலங்கையில் அது பாறைப் பிளவுகளில் நரம்பு நரம்பாகத் திரண்டு, மிக்க தூய்மையுடன் கிடைக்கின்றது. வணிக அளவில் இவ்வகைக் காரீயத்தை அகழும் நாடு இன்றும் இலங்கை ஒன்றே எனலாம்.

இதற்குரிய சந்தையை உருவாக்கியது கைத்தொழிற் புரட்சியாகும். உருக்கையும் பிற உலோகங்களையும் உருக்குவதற்குக் கடும் வெப்பத்தைத் தாங்கும் மூசைகள் வேண்டியிருந்தன. 1856 இல் இலண்டன் பட்டர்சியில் தொடங்கப்பெற்ற மோகன் மூசைக் கம்பனியும், அமெரிக்க மூசைத் தொழிற்சாலைகளும் இலங்கைக் காரீயத்தை விரும்பி வாங்கின. உலையை மூட்டியது நிலக்கரி. அவ்வுலையில் உருகிய உலோகத்தைத் தாங்கியது கேகாலையிலும் குருநாகலிலும் களுத்துறையிலும் அகழ்ந்த காரீயம். வேல்சு நாட்டுச் சுரங்கத் தொழிலாளியும் கேகாலைக் கிராமத்தவனும் ஒருவரையொருவர் அறியாராயினும் ஒரே உலைக்கு உழைத்தவராவர்.

முதலாம் உலகப் போர்க்காலத்தில் இவ்வணிகம் உச்சத்தை அடைந்தது. 1916 இல் ஏற்றுமதி 30,000 தொன்னைத் தாண்டியது. தேயிலையும் இறப்பரும் பெரிதும் ஆங்கிலேயர் கையிலிருக்க, காரீயம் உள்நாட்டுச் செல்வர் கைப்பட்ட துறையாக விளங்கியமை இவ்விடத்து அவதானிக்கத்தக்கது. சுதந்திர இலங்கையின் முதற் பிரதமரான டி. எஸ். சேனநாயக்கவின் தந்தையார் டொன் ஸ்பேட்டர் சேனநாயக்க காரீயத்தாற் செல்வம் ஈட்டியவர்களுள் ஒருவர். ஆகவே இலங்கையின் தேசிய முதலாளி வகுப்பினது தோற்றத்தை ஆராய்வோர் காரீயக் குழியிலிருந்தும் தொடங்குதல் வேண்டும்.

குழியின் உள்ளே

ஏற்றுமதிப் புள்ளிவிவரங்கள் தொன் கணக்கையும் விலைக் கணக்கையும் ஆண்டுதோறும் தருகின்றன. அத்தொன்களை மேலே கொணர்ந்தவர் யாவர் என்பதை அவை சொல்வதில்லை. அக்காலச் சுரங்கங்கள் பல, கிணறு போல் நேராக ஆழத் தோண்டப்பட்ட குழிகளே. காட்டு மரங்களைக் கட்டியமைத்த ஏணிகளில் இறங்கி, சிறு விளக்கின் ஒளியில் நரம்பைத் தொடர்ந்து வெட்டி, கைச்சுழல் உருளைகளால் மேலே இழுத்தனர். குழியில் ஊறும் நீரை இடைவிடாது இறைத்தல் வேண்டும். காரீயம் வழுவழுப்பான பொருளாதலின், அதன் தூசு படிந்த ஏணிப்படியில் வெறுங்காலுடன் ஏறுதல் எத்தகைய இடர் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. சிறு முதலுடையார் பலர் நீர் பெருகியதும் அல்லது விலை வீழ்ந்ததும் குழிகளை அப்படியே கைவிட்டுச் சென்றனர்.

இக்குழிகளில் உழைத்தோர் பெரும்பாலும் சிங்களக் கிராமத்தவரும் தென்கரையோரத்திலிருந்து வந்தோருமாவர். வெட்டிய காரீயம் மாட்டு வண்டியிலும் படகிலும் புகைவண்டியிலுமாகக் கொழும்பை அடைந்தது. அங்கே கொட்டகைகளிற் பெண்கள் தரையிலமர்ந்து அதனைக் கையாற் பொறுக்கிச் சலித்து, கட்டி, சில், தூள் எனத் தரம் பிரித்தனர். அக்காலப் புகைப்படங்களில் இப்பெண்களின் கைகளும் முகங்களும் கரிய மினுக்கத்துடன் காட்சியளிக்கின்றன. பெயர் எழுதப்பட்ட படத்தைக் காண்பது அரிது.

நிலக்கரியும் தமிழ்த் தொழிலாளரும்

தமிழ்த் தொழிலாளர் இவ்வரலாற்றில் எவ்விடத்து வருகின்றனர் என்பதை அடுத்து நோக்குவோம். 1864 இல் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரையும், 1867 இல் கண்டி வரையும் புகைவண்டிப் பாதை அமைந்தது. ரம்புக்கனவிலிருந்து கடுகண்ணாவைக்கு ஏறும் செங்குத்தான பகுதி கேகாலை மாவட்டத்திலேயே தொடங்குகின்றது. 1900களின் தொடக்கத்திற் களனிப் பள்ளத்தாக்கின் ஒடுங்கிய பாதை யட்டியாந்தோட்டை வரை நீண்டது. அவ்வண்டிகளை இழுத்த நிலக்கரி கடல் கடந்து வந்தது. 1869 இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்ட பின்னர்க் கொழும்பு, நீராவிக் கப்பல்கள் நிலக்கரி ஏற்றும் பெருந்துறையாயிற்று. அத்துறையில் நிலக்கரிக் கூடைகளைச் சுமந்தோருட் பெருந்தொகையினர் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளராவர்.

அதே தமிழகக் கிராமங்களிலிருந்து கங்காணிமார் திரட்டி வந்த மக்கள் யட்டியாந்தோட்டை, தெரணியகலை, தெஹியோவிட்ட, ருவன்வெல்ல, புளத்கொஹுபிட்டிய ஆகிய பகுதிகளில் இறப்பர், தேயிலைத் தோட்டங்களிற் குடியமர்த்தப்பட்டனர். காடழித்து அவர்கள் நட்ட கன்றுகளின் விளைவை நிலக்கரி வண்டி துறைமுகத்துக்குக் கொண்டு சென்றது. இறப்பர்ப் பால் உறைந்த தகடுகளைப் புகையூட்டிய கொட்டகைக்கும், தேயிலையை உலர்த்திய அடுப்புக்கும் மலைச்சரிவின் விறகு இரையாயிற்று. ஆகவே எரிபொருளின் சுமை இருவகையில் இம்மக்கள்மீது விழுந்தது. துறைமுகத்தில் அதனைத் தோளிற் சுமந்தனர். தோட்டத்தில் அதற்காக வெறுமையாக்கப்பட்ட சரிவின் அடியில் லயங்களில் வாழ்ந்தனர்.

காரீயக் குழியிற் சிங்களத் தொழிலாளியும் இறப்பர் மரத்தடியிற் தமிழ்த் தொழிலாளியும் சில மைல் இடைவெளியில் உழைத்தனர். மொழியும் குடியிருப்பும் கூலிமுறையும் அவர்களைப் பிரித்தன. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியபோது அப்பிரிவு சட்ட வடிவமும் பெற்றது. இருசாராரும் ஒருங்கே நின்று தமது உழைப்பின் விலையைக் கேட்கும் வாய்ப்பு அதனால் மேலும் குறைந்தது.

ஓர் எரிபொருள் மாற்றமும் வேலையிழந்த குழிகளும்

முதலாம் உலகப் போரின் பின்னர்க் காரீய வணிகம் சரிந்தது. மடகஸ்கார்ச் செதிற் காரீயத்தின் போட்டி இதற்கு ஒரு காரணம் என்பது பரவலாக அறியப்பட்டதே. பிறிதொரு காரணம் நமது ஆய்வுக்குப் பெரிதும் வேண்டியது. உருக்குத் தொழிலில் மூசையின் இடத்தை மின்னுலை கைப்பற்றியது. மின்னுலைக்கு வேண்டிய மின்வாய்களைச் செயற்கைக் காரீயத்தாற் செய்யலாயினர். எட்வேட் அச்சிசன் என்னும் அமெரிக்கர் 1896 இல் அச்செயற்கை முறைக்கு உரிமம் பெற்றிருந்தார்.

இது ஓர் எரிபொருள் மாற்றமே என்பதை ஊன்றி நோக்குதல் வேண்டும். நிலக்கரி அனலில் மூசை வைத்து உருக்கிய ஆலைகள் மின்சாரத்துக்கு மாறின. அம்மாற்றம் அறிவியல் வளர்ச்சியாகப் போற்றப்பட்டது, அது தவறன்று. ஆயின் அதன் எதிரொலி கேகாலையிற் குழிகள் மூடப்படுதலாகவும் கூலியிழப்பாகவும் கேட்டது. இழந்தோருக்கு ஈடு செய்தல் வேண்டும் என்னும் எண்ணமே அக்காலத்தில் எழவில்லை. 1930களின் உலகப் பொருளாதார மந்தமும், 1934–35 இல் கேகாலையை மிகக் கொடுமையாகத் தாக்கிய மலேரியாக் கொள்ளைநோயும் ஏற்கெனவே வலுவிழந்திருந்த அக்கிராமங்களின் மீதே வந்து விழுந்தன. 1936 இல் ருவன்வெல்லத் தொகுதி மக்கள் இடதுசாரித் தலைவர் என். எம். பெரேராவை அரசாங்க சபைக்குத் தெரிவு செய்தமைக்கு, நோய்க்காலத்தில் அவர் ஆற்றிய நிவாரணப் பணி முக்கிய காரணமாயிற்று.

சுவாசப்பையில் எழுதப்பட்ட கணக்கு

இரண்டாம் உலகப் போர்க்காலத்திற் காரீயம் மீண்டும் சிறிது எழுந்து பின் தாழ்ந்தது. 1971 இல் அரச காரீயக் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டுப் பெருஞ்சுரங்கங்கள் அரசுடைமையாயின. இக்காலத்தை ஒட்டி வெளிவந்த ஒரு மருத்துவ ஆய்வு, நாம் தேடும் கணக்கின் ஒரு பக்கத்தைத் திறந்து காட்டுகின்றது. ரணசிங்க, உரகொட என்னும் இரு இலங்கை வைத்தியர்கள் பெரிய காரீயச் சுரங்கமொன்றின் 344 தொழிலாளரை ஊடுகதிர்ப்படம் எடுத்துப் பரிசோதித்தனர். 1972 இற் பிரித்தானியக் கைத்தொழில் மருத்துவ இதழில் வெளிவந்த அவர்களது முடிவின்படி, அவருள் 22.7 வீதத்தினரின் படங்களில் மாறுபாடுகள் காணப்பட்டன. ஐந்தில் ஒருவருக்கு மேற்பட்டோரின் நெஞ்சிற் சுரங்கம் தன் தடத்தைப் பதித்திருந்தது.

நிலக்கரித் தொழிலாளரின் கருஞ்சுவாசப்பை நோய் உலகறிந்தது. காரீயத் தூசும், அதனுடன் கலந்த பாறைத் தூசும் அத்தகைய நோயையே தருவன. இந்நோய் ஒரு நாளில் வருவதன்று. இருபது, முப்பது ஆண்டு உழைத்து ஓய்வுபெற்றவன், வீட்டுத் திண்ணையிலிருந்து கிணற்றடிக்கு நடக்க மூச்சு வாங்கும்போதுதான் அதனை உணர்கின்றான். அப்போது அவன் பெயர் சுரங்கத்தின் சம்பளப் பட்டியலில் இருப்பதில்லை. விபத்தில் இறந்தவனாவது ஒரு விசாரணைப் பத்திரத்தில் இடம்பெறுவான். மூச்சிழந்து இறந்தவன் எக்கணக்கிலும் இடம்பெறான். எரிபொருள் வரலாற்றின் மிகப் பெரிய விடுபாடு இதுவேயென நாம் கருதுகின்றோம்.

கண்ணுக்குத் தெரியாத சுரங்கங்கள்

இனி நமது காலத்து நிலைமையை நோக்குவோம். இலங்கையின் மின்சாரம் நெடுங்காலம் நீராற் பிறந்தது. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918 இலேயே நீர்மின் வளத்தின் பொருளாதாரத்தை ஆராய்ந்து எழுதினார். லக்ஷபானத் திட்டம் 1950 இல் இயங்கத் தொடங்கியது. அந்நீர் கித்துல்கல, யட்டியாந்தோட்டை, ருவன்வெல்ல வழியாகவே களனியில் ஓடிக் கடலை அடைகின்றது. தேவை பெருகவே, புத்தளம் மாவட்டத்து நுரைச்சோலையில் 2011 இல் முதலாவது நிலக்கரி மின்னாக்கியும் 2014 அளவில் ஏனைய இரண்டும் இயங்கத் தொடங்கின. மொத்தக் கொள்ளளவு 900 மெகாவாற். நாட்டில் அகழப்படாத நிலக்கரி இந்தோனேசியா, தென்னாபிரிக்கா, ருசியா முதலிய நாடுகளிலிருந்து கப்பலில் வருகின்றது. அதனால் நிலக்கரிச் சுரங்கத்தின் துயர் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. இந்தியாவிற் சஸ்னாலாச் சுரங்கத்தினுள் 1975 டிசம்பர் 27 இல் வெள்ளம் புகுந்து 370 இற்கு மேற்பட்டோர் மாண்டனர். ஜாரியாவில் 1916 இல் மூண்ட நிலத்தடித் தீ இன்னும் அவியவில்லை. நிலக்கரி எங்கு வெட்டப்படினும் இத்தகைய கணக்கு ஒன்று அதனுடன் சேர்ந்தே வருகின்றது. நுரைச்சோலையை அண்டிய விவசாயிகளும் மீனவரும் சாம்பலையும் கடல் வெப்பத்தையும் பற்றி முறையிட்டு வந்துள்ளனர்.

எரிபொருளைப் பிறநாட்டில் நம்பியிருப்பதன் விலையைக் கேகாலையே நேரிற் கண்டது. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் நாடு நாளொன்றுக்குப் பல மணி நேரம் இருளில் மூழ்கியது. ஏப்பிரல் 19 ஆம் நாள் ரம்புக்கனவில் எரிபொருள் விலையேற்றத்தை எதிர்த்து மக்கள் புகைவண்டிப் பாதையை மறித்தனர். பொலிசார் சுட்டதில் ஒருவர் உயிரிழந்தார், பலர் காயமுற்றனர். நிலக்கரி வண்டிக்கென அமைந்த அதே பாதையில் இது நிகழ்ந்தது.

நிலக்கரியும் எண்ணெயும் எரிவதால் வளிமண்டலம் வெப்பமுறுகின்றது. வெப்பமுற்ற வளி மிகுந்த நீராவியைத் தாங்குதலாற் பெருமழை மேலும் கடுமையாகின்றது. 2016 மே 17 இல் அரநாயக்கவின் சாமசர மலை சரிந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டோ காணாமலோ போயினர். அதே நாளிற் புளத்கொஹுபிட்டியவின் களுபஹன தோட்டத்தில் லய அறைகள் மண்ணுள் புதைந்தன. ஒரு சரிவை ஒரு காரணத்தோடு மாத்திரம் பிணைத்தல் ஆய்வு நெறியன்று. மலைச்சரிவின் அமைப்பும் நிலப்பயன்பாடும் இதிற் பங்குடையன. எனினும், எரிபொருளின் பயனை மிகக் குறைவாக நுகர்ந்தவரே அதன் பின்விளைவுக்கு மிக அண்மையில் வாழ்கின்றனர் என்பது தெளிவு.

புதிய வலுவும் பழைய வினாவும்

இவற்றையெல்லாம் நோக்குமிடத்து நிலக்கரியை விட்டு நீங்குதல் இன்றியமையாதது என்பதில் நமக்கு ஐயமில்லை. புதிய நிலக்கரி நிலையங்களைக் கட்டுவதில்லை என்றும், 2030 அளவில் மின்சாரத்தின் 70 வீதத்தைப் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து பெறுவதென்றும் இலங்கை 2021 இல் உறுதி கூறியது. நிலக்கரி நிலையம் அமைக்கவிருந்த சம்பூரில் அத்திட்டம் 2016 இற் கைவிடப்பட்டு, 2025 இற் சூரிய மின்னிலையத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. இவை வரவேற்கத்தக்கன.

ஆயினும் புதுப்பிக்கத்தக்க வலு என்பதனாலேயே அது விலையற்றதாகிவிடாது. மன்னார்த் தீவில் 2020 இல் நூறு மெகாவாற் காற்றாலைத் திட்டம் திறக்கப்பட்டது. பின்னர் மேலும் காற்றாலைகளை அமைக்க முற்பட்டபோது மீனவரும் ஊரவரும் எதிர்த்தெழுந்தனர். கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களிற் சிறு நீர்மின் நிலையங்கள் பல எழுந்துள்ளன. அணைக்கட்டுக்கும் மின்னிலையத்துக்கும் இடைப்பட்ட ஓடை வறளுமாயின், அந்நீரிற் குளித்துத் துவைத்துப் பருகும் தோட்டத்து மக்களும் கிராமத்தவருமே முதலில் துன்புறுவர்.

காரீயமோ மீண்டும் உலகின் கவனத்தைப் பெற்றுள்ளது. இலித்தியம் மின்கலத்தின் எதிர்மின்வாய் பெரிதும் காரீயத்தாலானது. மின்சாரக் கார் ஒன்றுக்கு ஏறக்குறைய 66 கிலோகிராம் காரீயம் வேண்டுமென அனைத்துலக எரிசக்தி முகவரகம் 2021 இல் மதிப்பிட்டது. இத்துறையிற் பெருவலுவுடைய சீனா 2023 டிசம்பர் முதல் காரீய ஏற்றுமதிக்கு அனுமதி முறையைக் கொணர்ந்தமையாற் பிற நாடுகள் புதிய இடங்களைத் தேடலாயின. போகலச் சுரங்கம் இன்று நானூறு மீற்றருக்கு மேல் ஆழமுடையது. அரசுடைமைக் காலம் கழிந்து, ஜேர்மனியப் பெரும்பங்குடன் கம்பனியாக இயங்குகின்றது. பொறிகளும் காற்றோட்டமும் பாதுகாப்பு முறைகளும் பழைய ஏணிக் குழிகளைவிட எவ்வளவோ மேம்பட்டுள்ளன. ஆயினும் தேவை திடீரெனப் பெருகுங்காலத்திற் கைவிடப்பட்ட பழங்குழிகளை நோக்கிச் சிறு முதலாளரும் வறியோரும் திரும்புவர் என்பதே 1916 ஆம் ஆண்டின் படிப்பினையாகும். வேறொரு பொருள் வந்ததும் சந்தை அவர்களைக் கைவிடும் என்பது அடுத்து வந்த ஆண்டுகளின் படிப்பினை.

முடிவுரை

இதுவரை கூறியவற்றால் ஓர் உண்மை புலனாகின்றது. கேகாலை கண்ட ஒவ்வோர் எரிபொருள் மாற்றத்துக்கும் இரு பேரேடுகள் இருந்திருத்தல் வேண்டும். பொருளின் நிறையையும் விலையையும் எழுதும் பேரேடு எக்காலத்தும் ஒழுங்காக எழுதப்பட்டது. உழைத்தோரின் உடலையும் அவர் வாழ்ந்த மண்ணையும் நீரையும் எழுதும் பேரேடு பெரும்பாலும் வெறுமையாகக் கிடந்தது. 1972 இல் இரு வைத்தியர் அதில் ஒரு பக்கத்தை எழுதினர். மற்றப் பக்கங்களை எழுதுவது வருங்கால ஆய்வாளரின் கடமையும் ஆட்சியாளரின் கடமையுமாகும்.

அதற்கான செயல்கள் அரியவையல்ல. ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளர் அனைவரதும் நெஞ்சைப் பரிசோதித்து நிரந்தரப் பதிவேடொன்றைப் பேணலாம். கைவிடப்பட்ட குழிகளை வரைபடத்திற் குறித்து அடைக்கலாம். சிறு நீர்மின் அணைகள் ஒவ்வொன்றும் ஓடைக்கு விடவேண்டிய நீரளவை ஊர்மக்கள் அறியுமாறு இருமொழியிலும் எழுதி நிறுத்தலாம். சரிவுக்குட்பட்ட லயங்களின் மக்களுக்குப் பாதுகாப்பான நிலத்தில் வீடு அளித்தல் இவை எல்லாவற்றுக்கும் முந்தியது. இவை நிறைவேறுமாயின், வருகின்ற மாற்றத்திற் கேகாலை மக்கள் முதன்முறையாகக் கணக்கிற் சேர்க்கப்பட்டவராவர். நிறைவேறாதாயின், மூசைக்குக் காரீயம் தந்து மூச்சை இழந்தோரின் பேரர், மின்கலத்துக்குக் காரீயம் தந்தும் அதையே இழப்பர்.